வில்லையைத் திருப்பியவள்

மைக்கைக் கொடுங்கள் என்று மட்டும் ஹியால்மரிடம் கேட்டுவிடாதே என்று கப்பலில் ஏறிய அன்றே சொன்னார்கள். கேட்டேன். மற்றபடி நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள்தான், ஈவார். என் அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர் நீங்கள், உங்களுக்கே தெரியும்.

போலீஸ் நிலையக் காப்பி நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எரிமலை படித்தவள். எங்கள் குடும்பத்தில் மீன் ஆலையைத் தாண்டிப் போன முதல் ஆள். நாட்டைச் சுற்றிவரும் அந்தச் சின்னக் கப்பலில் எனக்குக் கிடைத்த வேலை ரப்பர் படகு ஓட்டுவதும், கரையிறங்கித் திரும்பும் பயணிகளின் பூட்ஸைக் கழுவுவதும். எரிமலையைப் பற்றிப் பேசுவதற்கு ஹியால்மர் இருந்தார். குழுத் தலைவர். நம் நாட்டில் பிரதமரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம், இவரை மட்டும் டாக்டர் என்று கூப்பிட வேண்டும். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை.

முதல் சுற்றில் ஒருநாள் மீன் சூப் குடிக்கும்போது அம்மாவின் கதையை அவரிடம் சொன்னேன். இந்த ஊரில் எரிமலை வெடித்த இரவு, ஏழு வயது அம்மா தாத்தாவின் பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளிக்கூண்டோடு மீன்பிடிப் படகில் ஏறினாளே, அது. அந்தச் சுற்றின் கடைசி இரவுப் பேச்சில், மைக்கில், பூட்ஸ் அவருடையது ஆகிவிட்டது. கூண்டும்தான். சொல்லிவிட்டு அழுதார், பயணிகளும் அழுதார்கள். எரிமலை வெடித்த 1973இல் அவருக்கு மூன்று வயது. இருந்தது வடக்கே, அகுரேரியில்.

"இந்தச் சுற்றுல கடைசிப் பேச்சை நான் பேசுறேன். அது எங்க வீட்டுக் கதை" என்றேன்.

"கதைக்கெல்லாம் ஏதும்மா வீடு? நீ பூட்ஸைப் பாரு, அடியில பறவை எச்சம் ஒட்டியிருக்கு."

"என்கிட்ட பட்டம் இருக்கு."

"என்கிட்ட மைக் இருக்கு."

சமையல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல பதில்தான்.

நேற்று மதியம் ஆலாப் பறவைகள் முட்டையிடும் ஒரு தீவில் இறங்கினோம். ஆலா உச்சந்தலையைத்தான் கொத்தும், அதனால் எல்லோரும் ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஹியால்மர் வழக்கம்போல் பாறை மறைவில் தூங்கப் போனார். தியானம் என்பார். அவருக்கு வழுக்கை.

பயணிகளைக் கப்பலில் சேர்த்தேன். கப்பல் வாசலில் ஒரு பலகை உண்டு, அதில் ஆளுக்கொரு எண் வில்லை. இறங்கும்போது சிவப்புப் பக்கம், திரும்பியதும் பச்சைப் பக்கம். அவரவர் வில்லையை அவரவர்தான் திருப்ப வேண்டும். எல்லாம் பச்சை என்றால் நங்கூரம் ஏறிவிடும், தலையை யாரும் எண்ணுவதில்லை. ஹியால்மரின் ஒன்றாம் எண் மட்டும் சிவப்பாக இருந்தது. பார்க்க அழகாக இல்லை. திருப்பினேன்.

கை தவறிச் செய்யவில்லை. அதையும் எழுதுங்கள்.

அவருடைய குச்சி, கோட்டு, வயர்லெஸ் எல்லாம் என் படகில் இருந்தன. தொலைந்துவிடக் கூடாதே என்று அவர் கண்ணயர்ந்ததும் நான்தான் எடுத்துப் பத்திரப்படுத்தினேன். இருட்டில் விட்டுவந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, ஜூனில் நம் நாட்டில் ராத்திரியிலும் ஏது இருட்டு? பட்டினி போட்டேன் என்றும் சொல்ல முடியாது, சுற்றிலும் முட்டை.

டாக்டர் எங்கே என்று கேப்டன் கேட்டார். வாந்தி, கதவைத் தட்ட வேண்டாம் என்றார் என்றேன். அப்படித்தான் மைக் என் கைக்கு வந்தது.

இன்று காலை மெத்தைக்கு வாத்தின் மென்னிறகு பொறுக்கப் போன விவசாயி ஒருவர் அவரைக் கண்டெடுத்தார். மண்டை முழுக்கக் கட்டு. உயிர் இருக்கிறது.

"அவர் புகாரே கொடுக்கலையே, ஸால்வோர். நீ எதுக்கு மூச்சு வாங்க ஓடியாந்தே?" என்கிறீர்கள். அதற்காகத்தான் ஓடிவந்தேன். மதியம் ரேடியோவில் கேட்கவில்லையா? பறவைகளை ஆராய, தானே விரும்பித் தனியாகத் தங்கினாராம். கோட்டைக்கூடத் தானே கழற்றி வைத்தாராம். வாந்தி என்று என்னைச் சொல்லச் சொன்னதும் அவர்தானாம். அம்மாவின் கதையை எடுத்துக்கொண்டார். இப்போது நான் செய்ததையும் எடுத்துக்கொண்டார். அவரைக் கொத்துப்பட விட்டுவந்தது நான். என் பெயரைப் போடுங்கள்.

"போட்டா உனக்குத்தான் வம்பு. விடும்மா. பேச்சாவது நல்லாப் போச்சா?"

நன்றாகவே போனது. யாரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும் முன்வரிசைக் கிழவி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு உனக்கு என்ன வயது என்று கேட்டாள். ஏழு என்றேன். அழுதாள். எனக்கு இருபத்தாறுதான் ஆகிறது, அங்கே யாரும் கணக்குப் போடவில்லை. அது வேறு, இது வேறு. எங்கள் வீட்டுக் கதை எங்கள் வீட்டிலேயேதானே இருக்கிறது.

"ஸால்வோர், அன்னைக்கு ஏழு வயசு எனக்கு" என்கிறீர்கள். பேனாவையும் மூடிவிட்டீர்கள்.

சரி, கிளம்புகிறேன். கப்பல் இன்று ரெய்க்யவிக் போய்ப் புதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் புறப்படுகிறது. தலைவர் இடம் காலி. நான் வருகிறேன் என்று கேப்டனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பூட்ஸ் கழுவ ஒரு பெண் ஏறுகிறாளாம், கல்லூரி முடித்தவள். மைக்கை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளிடம் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும்.