பெரியமுத்துவுக்கு வலிக்கவில்லை

பயணக் கட்டுரை எழுத இலவச வலைப்பூ எது நல்லது என்று கேட்டால் நான் தயங்காமல் பதில் சொல்வேன். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் எலப்புள்ளியில் அதை என் அளவுக்கு அலசிப் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஒன்றில் பத்திக்குப் பத்தி முட்டிவலித் தைல விளம்பரம் வரும். இன்னொன்று பார்க்க லட்சணமாக இருக்கும், நாலு படம் போட்டதும் இடம் தீர்ந்தது என்று கையை விரிக்கும். வேறொன்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். நான் தேர்ந்தெடுத்ததில், நான் அழைப்பு அனுப்புகிறவர்கள் மட்டும் படிக்கும்படி செய்ய ஒரு வசதி இருந்தது. அதில் ஒரு டிக் போட்டேன். மற்றதெல்லாம் அந்த டிக்கிலிருந்து வந்ததுதான்.

கட்டுரை எழுதியவர் என் வீட்டுக்காரர் அர்த்தநாரி. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்ட பிறகு அவருக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது, சுற்றியதை உலகத்துக்குச் சொல்லும் ஆசையும் வந்தது. ஒற்றை விரலால் தட்டத் தெரியும், மற்றதெல்லாம் என் பொறுப்பு. முதல் கட்டுரையின் தலைப்பு 'வரையாடும் வாந்தியும்'. வரையாட்டைப் பற்றி மூன்று வரி. மூணாறு மலைப்பாதையில் என் வயிறு பட்ட பாட்டைப் பற்றி வளைவு வளைவாக இரண்டு பக்கம். படத்தில் ஆடு தூரத்தில், நான் கிட்டத்தில், கையில் பிளாஸ்டிக் கவர். செல்வலட்சுமி என்ற என் பெயர் அதில் எங்கும் இல்லை, 'சகதர்மிணி' என்றுதான் இருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. என் தம்பி பெண்டாட்டி கோமதி கண்ணில் பட்டால் கஞ்சிக்கோடு வரைக்கும் சிரிப்பார்கள். நியாயமான யாரும் அந்த டிக்கைப் போட்டிருப்பார்கள்.

கூட்டாளிகளுக்கு லிங்க் அனுப்பினார். திறக்கவில்லை என்றார்கள். இலவசமென்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவைத்தேன். தினமும் போனைத் திறந்து பார்ப்பார்.

"ஏ புள்ள, ஒரு ஈ காக்காகூட எட்டிப் பாக்கலையே."

சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். பாவமாக இருந்தது. குக்கர் விசில் வருவதற்குள் அடுக்களையில் பெரியமுத்துவை உண்டாக்கினேன். மூணாறு பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரில் எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி பெயர் முருகேஸ்வரி. அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அவருக்கு மட்டும் அழைப்பு அனுப்பினேன். அவரும் உடனே எழுதினார்: 'அண்ணாச்சி, வாசிச்சதும் நானே பஸ்ல வந்த மாதிரி இருந்துச்சு.' என் வீட்டுக்காரர் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பெரியமுத்து நல்ல மனிதர். 'அண்ணிக்கு ஜன்னலோர சீட்டைக் குடுங்க, வாந்தி வராது' என்று எழுதினார். கல்யாணமானதிலிருந்து நான் கேட்ட சீட்டு அது. மறுவாரமே கிடைத்தது. பிரஷர் உள்ள அண்ணாச்சி ஊறுகாயைத் தொடக் கூடாது என்று எழுதினார், ஊறுகாய் ஜாடி மேல் அலமாரிக்குப் போனது. நான் சொன்னால் காதில் விழாதது, பள்ளிவாசலிலிருந்து சொன்னால் விழுந்தது.

அப்புறம் என் வீட்டுக்காரர் பெரியமுத்துவுக்கு நீளமாக எழுத ஆரம்பித்தார். 'அவளுக்கு ஆபரேசன் நடந்தப்ப மோட்டார் ரூமுக்குப் பின்னால நின்னு அழுதனுங்க. அவ இல்லாம பாலக்காடு பஸ் ஸ்டாண்டுக்குக்கூடத் தனியாப் போகப் பயமுங்க.' அதைப் படித்த அன்று குழம்பு அடிப்பிடித்தது. 'இத வீட்டுல சொல்லலாம்ல அண்ணாச்சி' என்று பெரியமுத்து எழுதினார். 'சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவாளுங்க' என்று பதில் வந்தது.

பொங்கல் முடிந்ததும் ஒருநாள், "பள்ளிவாசல் போயி பெரியமுத்தைப் பாத்துப்போட்டு வரலாம், துணிமணி எடுத்து வை" என்றார்.

வேறு வழியில்லாமல் பெரியமுத்துவைக் கொன்றேன். சாயங்காலச் சாயாவைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார், அவ்வளவுதான். வலிக்காமல் பார்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி அலைச்சல்கூட அந்தக் குடும்பத்துக்கு வைக்கவில்லை. முருகேஸ்வரி தகவல் எழுதினாள்.

இங்கேதான் எனக்கு ஒரு பிசகு. என் வீட்டுக்காரர் கல்யாணத்தைத் தவறவிடுவார், சாவைத் தவறவிட மாட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். துக்கம் கேட்டுப் போகாதவன் வாசலை நாளைக்கு யாரும் மிதிக்க மாட்டார்கள். எழவு வீட்டுக்கென்றே அவர் ஒரு வேட்டியைத் தனியாக மடித்து வைத்திருப்பார். தெரிந்திருந்தும் மறந்துவிட்டேன்.

மறுநாள் விடியுமுன் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். மூணாறு பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான். அவர் கண்ணயர்ந்தபோது, இரண்டு வாந்திக்கு நடுவில், முருகேஸ்வரி செய்தி அனுப்பினாள்: 'வீட்டைப் பூட்டிட்டு போடியில மகன் வீட்டுக்கு வந்துட்டேன் அண்ணே.' பள்ளிவாசலில் இறங்கிய பிறகுதான் அதைப் பார்த்தார். ரோட்டோரம் நின்று குழந்தை மாதிரி தேம்பினார். டீக்கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"சொந்தமாய்யா?"

"சொந்தத்துக்கும் மேலுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால், பெரியமுத்துவிடம் பேசியதெல்லாம் என்னிடம் பேசியதாகிவிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த மனிதர் மனசைத் திறக்க மாட்டார். அவருடைய நன்மைக்காகவே பேசாமல் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் முருகேஸ்வரிக்கு எழுத ஆரம்பித்தார். 'தைரியமா இருங்க அம்மிணி.' 'நேரத்துக்குச் சாப்புடுங்க அம்மிணி.' என்னை அவர் அம்மிணி என்று கூப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்டதும் இல்லை. நேற்று எழுதியிருக்கிறார்: 'மனசு மாறட்டும், அடுத்த பயணத்துக்கு நீங்களும் வாங்க அம்மிணி. ஜன்னலோர சீட்டு உங்களுக்குத்தான்.'

எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாது. இல்லாத ஒருத்தி மேல் யாராவது பொறாமைப்படுவார்களா. முருகேஸ்வரிக்குத்தான் நேற்று சாயங்காலத்திலிருந்து லேசாக நெஞ்சு வலி. அவருடைய அந்த வேட்டியை எடுத்துத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.