கையை விடாத சிலிண்டர்

“கரண்ட் போனா அது கைய விடாதுன்னு யாருமே யோசிக்கலையா தம்பி?”

பல்லேகலயிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டிலிருந்த பெண் கேட்டார். வலது கையில் விரல்கள் தெரியாமல் பெரிய கட்டு. பக்கத்தில் இருந்தவர் அந்தப் பெண் வேலை செய்த பேக்டரியில் மெஷின் திருத்துபவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அந்த அமுக்குற பிரஸ்ஸ மேலயும் கீழயும் தள்ளுறதுக்குப் போட்டது ரெண்டு பக்கமும் காத்துல ஓடுற சிலிண்டர் அக்கா. கீழ அமுக்கவும் காத்து வேணும், மேல தூக்கவும் காத்து வேணும். வேகமா ஓடும்னுதான் அதை எடுத்தோம். கரண்ட் போனா காத்து வராது, பிரஸ் நின்ன எடத்துலயே நிக்கும்.”

“என் கை மேல நின்னுச்சு.”

பஸ் குண்டசாலையைத் தாண்டியது.

“இப்ப மாத்தியாச்சுக்கா. இது உள்ளுக்க ஸ்பிரிங் இருக்கிற சிலிண்டர். கரண்ட் போனா ஸ்பிரிங்கே மேல இழுத்துரும்.”

“என் எடத்துல இப்ப யாரு?”

“ஒரு புதுப் புள்ள. உங்க தேயிலைத் தோட்டத்துப் பக்கந்தான்.”

“கைய விடுதான்னு நல்லா பாத்தீங்களா?”

“அந்தப் புள்ளைய உக்கார வைக்க முன்னுக்கு என் கைய வச்சு, மெயின் சுவிட்ச நிப்பாட்டிப் பாத்தேன்கா. விட்டுச்சு.”

அந்தப் பெண் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

“என்னைய உக்கார வைக்கிறப்பவும் அப்படி ஒருக்கா பாத்திருக்கலாமே தம்பி.”