கயிறு அவிழ்க்காத படகில் கேப்டன் அக்காவுக்கு வாசித்த மடல்

நாவாலே நாவாய் செலுத்திய நாயகியே! காற்று நுழையாத கூடத்திலே கடும்புயல் கிளப்பிய காரிகையே! கால் நனையாமலே கடல் ஏழும் கடந்தவரே! துறைமுக நகரின் தொல்கதைகளைத் தொண்டை வற்றச் சொல்லித் தந்த தூயவரே! எங்கள் அருங்காட்சியகத்தின் முதுநிலை வழிகாட்டியே, ஊரறிந்த கேப்டன் அக்காவே! வணக்கம், வணக்கம்! படகின் விளிம்பை இறுகப் பற்றியிருக்கும் தங்கள் கைகள் இரண்டுக்கும் தனித்தனியே வணக்கம்!

தங்கள் ஓய்வுநாள் மடலை எழுதும் பொறுப்பு அடியேனுக்கு வந்தது. காட்சிப் பொருள்களுக்குக் கீழே விவர அட்டை எழுதுபவன் நான். ‘நங்கூரம், இரும்பு, நன்கொடை’ என்று ஒரு சாண் அட்டைக்குள் உலகத்தை அடக்கி அடக்கியே பழகிய கை இது. இயக்குநர் ஐயா, “இந்த ஒரு தடவை எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்கோய்யா” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஆகவே அவையோர் வசதியாகச் சாய்ந்துகொள்க.

முதலில் ஒப்பந்தத்தை உரக்கச் சொல்லிவிடுகிறோம், பிறகு பேச்சு மாறக் கூடாது. அருங்காட்சியகத்தின் பின்வாசல் படித்துறையில் கட்டியிருக்கும் இப்படகில் தாங்கள் ஏறி அமர்வீர்கள், நாங்களும் உடன் அமர்வோம். கயிறு கட்டியபடியே இருக்கும். மடலை முழுதும் கேட்பீர்கள். கேட்டு முடித்ததும் ‘அவிழ்த்து விடுங்க’ என்றாலும் சரி, ‘நான் இறங்குறேன்’ என்றாலும் சரி, தங்கள் வாக்கே இறுதி. எவரும் முகம் சுளிக்கக் கூடாது. கயிற்றருகே நிற்பவர் தங்கள் கணவர், இப்படகின் ஓட்டுநர். இக்கரைக்கும் அக்கரைக்கும் நாள்தோறும் ஊரையே ஏற்றிச் செல்லும் அம்மனிதர், கட்டிய மனைவியை மட்டும் இன்றுவரை ஒருமுறையேனும் ஏற்றிச் சென்றதில்லை!

ஆம், அவையோரே! கப்பல் கதை சொல்லியே காலம் கழித்த எங்கள் கேப்டன் அக்கா, கடலில் போனதே இல்லை. கப்பலில்லை, தோணியில்லை, குளத்துப் பரிசல்கூட இல்லை. காரணம் கேட்டால் கண்ணீர்க் கதை ஏதும் கிடையாது. “தண்ணின்னா எனக்கு ஆகாது, அவ்வளவுதான். சிலருக்குப் பூனை ஆகாது பாருங்க, அது மாதிரி” என்று முடித்துவிடுவார்.

ஆனால் அக்கா, தங்கள் புயலுக்கு நிகரான புயல் எந்தக் கடலிலும் அடித்ததில்லை! சன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, கூரையில் தொங்கும் கப்பல் லாந்தரை ஒரு விரலால் ஆட்டிவிட்டு, “எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க” என்று தாழ்ந்த குரலில் தாங்கள் தொடங்கினால், பெற்றோரைப் பிள்ளைகள் பிடிப்பதும், பிள்ளைகளைப் பெற்றோர் பிடிப்பதும், பிடிக்க ஆளில்லாதவர் தூணைப் பிடிப்பதுமாகக் கூடமே குலுங்கும். வாழ்நாளெல்லாம் கப்பலில் கழித்த முன்னாள் மாலுமி ஒருவர், பாதிக் கதையில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாரே, மறக்க முடியுமா! கடலிலே புரட்டாத வயிறு தங்கள் கதையிலே புரட்டிவிட்டது. வாளியோடு பின்னால் ஓடிய துப்புரவு அம்மா அதைச் சொல்லி இன்றைக்கும் தங்களைத் திட்டுவார். இதோ, முன்வரிசையில் அமர்ந்து இப்போதும் முறைக்கிறார்.

அந்தப் புயல்களெல்லாம் எங்கிருந்து வந்தன? ஓட்டுநர் அண்ணனிடமிருந்துதான். பேச்சிலே அவர் படு சிக்கனம். மாலையில் வீடு திரும்பி, “இன்னிக்குக் காத்து ஜாஸ்தி” என்று மூன்றே சொல் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அந்த மூன்று சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, மறுநாள் முழுவதும் தாங்கள் பாய்மரத்தை முறிப்பீர்கள், சுக்கானை உடைப்பீர்கள், பாவப்பட்ட மாலுமி ஒருவனை அலையிலே தூக்கியெறிந்து, சீட்டு வாங்கியவர்கள் அழத் தொடங்கியதும் மனமிரங்கி அவனை மறுபடி மேலே இழுத்துப் போடுவீர்கள்!

எங்கள் தச்சர் பழைய கப்பல் அறையை அச்சு அசலாக அமைத்து, தரையையும் ஒரு பக்கம் சாய்த்துவைத்தபோது தங்கள் தவிப்பே தனிக் காட்சியானது. கதவு நிலையைப் பிடித்தபடி, நெற்றி வியர்க்க, “இப்படித்தாங்க ஆடும்” என்பீர்கள். வந்தவர்கள் ‘அடடா, என்ன நடிப்பு!’ என்று கைதட்டுவார்கள். நடிப்பு ஏது? உண்மையிலேயே தலைசுற்றல். தச்சர் பொறுக்க முடியாமல் சாய்வைக் குறைக்க வந்தார். “வேணாம், வர்றவங்களுக்கு நிஜமா இருக்கணும்” என்று தடுத்துவிட்டீர்கள். தங்கள் கடமையுணர்ச்சிக்கு இதைவிடப் பெரிய சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஓர் இளம்பெண் வந்தாள். தூரதேசத்துத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவனிடம் போக, முதன்முறையாகக் கப்பலேற இருந்தவள். கூட்டம் கலைந்த பின்னும் நின்று, “அக்கா, எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு முதல் தடவை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். அதுவரை தங்களிடம் எவரும் கேட்காத கேள்வி அது. நாங்களும் அங்கேதான் நின்றிருந்தோம். ஒரு சின்னப் பொய் போதும், அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். தாங்களோ, “நான் ஏறினதே இல்லைம்மா. எனக்கும் பயம்தான்” என்றீர்கள். திகைத்து நின்றவள், பிறகு சிரித்துச் சிரித்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப நான் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன். அப்புறம் நீங்க ஏறணும், சரியா?” என்றாள். “ஓய்வு பெறுற அன்னிக்கு ஏறுறேன், போ” என்று தாங்களும் கையடித்துக் கொடுத்துவிட்டீர்கள். கரை சேர்ந்தவள் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “ரெண்டு நாள் வயித்தைப் புரட்டுச்சு. மூணாம் நாள் மேல்தளத்துல நின்னு பாட்டே பாடினேன். இப்ப அக்கா முறைன்னு சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த முறைதான் இப்போது வந்திருக்கிறது.

இனி இந்தத் ‘தாங்களை’ ஓரமாக வைத்துவிட்டுப் பேசுகிறோம், அக்கா. நீங்கள் பயப்படுவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இறங்கிவிட்டாலும் நீங்கள்தான் எங்கள் கேப்டன். அந்தப் பட்டத்தைப் பறிக்க இங்கே எவருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் ஒன்று. கடலிலிருந்து பார்த்தால் நம் ஊர் எப்படித் தெரியும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்! கேட்டவர்கள் எல்லாம் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டார்கள். சொன்ன உங்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லையே என்று எங்களுக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஓட்டுநர் அண்ணனிடம், “நீங்க கூப்பிட்டதே இல்லையா?” என்று விசாரித்தோம். “தினமும் கூப்பிடுவேன். வரலைன்னு சொல்லும். சரின்னு மறுநாள் கூப்பிடுவேன்” என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்று தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. உயிர்காக்கும் மிதவை ஆளுக்கு ஒன்று இருக்கிறது, உங்களுக்கு மட்டும் மூன்று.

சொல்லச் சலிக்காத தொண்டையும், படியேறத் தளராத முழங்காலும், கேட்டது போதாதென்று ஏங்கும் செவிகள் சூழ்ந்த சுற்றமும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்! அண்ணனின் இரண்டொரு சொல்லுக்கு இன்னும் ஆயிரமாயிரம் மாலைகள் தாங்கள் உரை விரிக்க வேண்டும்! நோயென்பது அறியாமல், நொடியென்பது அண்டாமல், நூறு கடந்தும் நுவல்க நும் புயல்! மடல் முடிந்தது, அக்கா. இனி உங்கள் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கும்,

இயக்குநர், தச்சர், சீட்டுக் கொடுக்கும் அம்மா, துப்புரவு அம்மா, வாயிற்காவலர், விவர அட்டை எழுதுபவன்
மற்றும் அருங்காட்சியக ஊழியர் அனைவரும்.

மடலுக்குக் கண்ணாடிச் சட்டமிடும் முன் அடியில் சேர்த்து எழுதியது:

வாசித்து முடித்த பிறகு அக்கா கணவரைப் பார்த்து, “திரும்புன்னு சொன்னா உடனே திரும்பணும்” என்றார். “சரி” என்றார் அண்ணன். “அப்ப அவிழ்த்து விடுங்க.”

துறையைத் தாண்டும்வரை அக்கா கண்ணைத் திறக்கவில்லை. அவர் பிடித்த பிடியில் பக்கத்தில் அமர்ந்திருந்த சீட்டுக் கொடுக்கும் அம்மாவின் கை கன்றிப்போனது. அலைத்தடுப்புச் சுவரைக் கடந்ததும் முதல் அலை படகைத் தூக்கி இறக்கியது. அக்கா ஒரு கண்ணைத் திறந்தார், மெல்ல மற்றதையும் திறந்தார், திரும்பி ஊரைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. பிறகு திடீரென்று, “ஏங்க! கடல்ல இருந்து பார்த்தா கலங்கரை விளக்கம்தான் முதல்ல தெரியும்னு ஊருக்கே சொல்லிட்டிருக்கேன். இங்க மொட்டைமாடியில காயுற துணிதானே பளிச்சுனு தெரியுது! நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கத்தினார்.

“நீ சொன்னது நல்லா இருந்துச்சு” என்றார் அண்ணன்.

அக்கா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. “நாளைக்குக் காலையில முதல் வேலையா மாத்திச் சொல்லிடணும்” என்றார். ஓய்வு பெற்றவருக்கு நாளைக்கு வேலை கிடையாது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மறுநாள் காலை வந்தார், மாற்றிச் சொன்னார்.