புது முதலாளியின் லாரி

இரவு இரண்டு மணி இருக்கும். கல்குவாரிகளுக்கு நடுவே போகிற சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. என் நண்பனின் சித்தப்பா தனியாக லாரி ஓட்டிக்கொண்டு போகிறார்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

புது முதலாளியிடம் அது அவருக்கு முதல் லோடு. பழைய முதலாளி மகா கஞ்சன். டயர் பஞ்சரானால்கூட டிரைவர் சம்பளத்தில்தான் கை வைப்பான். "போ, போ. உன்ன மாதிரி ஆயிரம் பேரு கிடைப்பாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினான். சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது இடத்தில் இரண்டு மடங்கு சம்பளம். ஏசி கேபின். சீட்டுக்குப் பின்னால் திரை போட்ட படுக்கை. கேட்டதும் சித்தி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

முதலில் வாடைதான் வந்தது. முடி கருகுகிற வாடை. ஏசியை அணைத்தார். போகவில்லை. அப்புறம் திரையின் வளையங்கள்... கிளிங்... கிளிங்... ஒவ்வொன்றாக நகர்ந்தன.

கண்ணாடியைப் பார்ப்பதற்குள் ஒரு கை கழுத்தை வளைத்து இறுக்கியது.

"எறங்குடா. என் வண்டி."

காதுக்குள் ஈர மூச்சு. லாரி தாறுமாறாக ஓடித் தடுப்புச் சுவரில் உரசியது. தீப்பொறி பறந்தது. அந்தக் கையைக் கடித்தார்... சதை மாதிரி இல்லை. டீசலில் ஊறின துணி மாதிரி இருந்தது. அது அவர் முகத்தை ஸ்டியரிங்கில் மோதியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. ஹாரன் அலறியது. ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது.

சீட்டுக்கடியில் ஜாக்கி ராடு கைக்குத் தட்டுப்பட்டது. பின்னால் வீசினார். மடக்கென்று ஏதோ உடைந்தது. பிடி மட்டும் தளரவில்லை. மறுபடி வீசினார். மறுபடியும். வெறி பிடித்துவிட்டது அவருக்கு.

"சாவுடா! சாவுடா!"

அது சிரித்தது.

"எத்தன தடவடா?"

கதவைத் திறந்து குதித்தார். தோள் எலும்பு நொறுங்கியது. லாரி போய்ப் பாறையில் மோதி நின்றது.

விடிந்ததும் புது முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். நல்ல மனுஷன், எல்லாச் செலவையும் அவரே பார்த்துக்கொண்டார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"திருப்பி அடிச்சீங்களா?"

"அடிச்சேங்க."

"ஏன் அடிச்சீங்க..." என்றார் வருத்தமாக. "எறங்கச் சொன்னா எறங்கிர வேண்டியதுதானே."

எழுந்து பில் கட்டப் போய்விட்டார்.

தோள் கூடியதும் சித்தப்பா பழைய முதலாளியிடமே போய் நின்றார். அவன் சம்பளத்தில் இன்னும் கொஞ்சம் குறைத்தான். இவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

மோதிய லாரியைக் கழுவிவிட்டவன் என் நண்பனிடம் சொன்னானாம். சித்தப்பாவுக்கு உடைந்தது இரண்டு பல்தான். கேபினைப் பெருக்கியபோது கிடைத்தது... கை நிறைய.