ரொட்டியின் எடை

எங்கள் வீட்டில் ரொட்டியை நான்தான் நிறுப்பேன். தராசு அடுப்புக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். மகள் மேனாவுக்குச் சின்ன வயதில் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அதுதான் வழக்கம். நான் எடையைச் சொல்வேன். அதற்குத் தக்க இன்சுலினை அவள் போட்டுக்கொள்வாள். சர்க்கரை அளவைக் காட்ட கையில் ஒட்டிக்கொள்கிற கருவி அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவள் தராசை எட்டிப் பார்த்ததில்லை. அம்மா சொன்னால் சரி.

எங்கள் சார்டினியாத் தீவில் இந்த நோய் இல்லாத தெரு ஏது, இன்ஸ்பெக்டர் ஐயா? அதனால்தான் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு உதவ ஊரில் ஒரு சங்கம் தொடங்கினேன். இன்சுலின் சுரக்கும் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து உடம்பில் ஏற்றிவிட்டால் ஊசியே வேண்டாம் என்றார்கள். தேவாலயத் திருவிழாவில் பாதாம் பலகாரம் விற்று நிதி திரட்டினோம்.

“சக்கர வியாதிக்கு இனிப்பு வித்துக் காசு சேக்குற ஊரு, உலகத்துலயே நம்ம ஊருதாம்மா,” என்று மேனா சிரிப்பாள். அவளுக்கு எல்லாமே சிரிப்புதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சிகிச்சையை மனிதர்களுக்குச் செய்து பார்க்கத் தொடங்கியதும் அவளை டாக்டர் மேலிஸிடம் இழுத்துப் போனேன்.

“பொண்ணு நல்லாத்தானே இருக்கா,” என்றார் அவர். “சர்க்கரை இறங்கினா கை நடுங்குது, உடனே எதையாவது சாப்பிட்டுக்குறா. எந்த அறிகுறியும் இல்லாம மயங்கி விழறாங்க பாருங்க, அவங்களுக்குத்தாம்மா இதுல முதல் இடம். அடிக்கடி இறங்கிட்டே இருந்தா உடம்பு எச்சரிக்கிறதையே மறந்துடும்.”

வெளியே வந்ததும் மேனா என் தோளில் கை போட்டாள். “விடும்மா. எனக்கு என்ன கொறச்சல்? கவினோவைக் கட்டிக்கிட்டு டூரினுக்குப் போகப்போறேன். ஊசிதானே, அதுவும் கூட வந்துட்டுப் போகுது.”

நன்றாக இருப்பதா என் பிள்ளை செய்த குற்றம்? நிதானமாகத்தான் யோசித்தேன். மறுநாளிலிருந்து எடையைச் சற்றுக் கூட்டிச் சொன்னேன். ரொட்டி குறைவு, இன்சுலின் அதிகம். அவள் கை நடுங்கும்போது ஆரஞ்சுச் சாறுடன் பக்கத்திலேயே இருப்பேன். கெடுதல் நினைக்கிறவள் சாற்றை வைத்துக்கொண்டு நிற்பாளா?

குளிர்காலம் முடிவதற்குள் நடுக்கம் நின்றுபோனது. பேசிக்கொண்டே இருப்பாள், கண் செருகிவிடும். ஆம்புலன்ஸ் வந்தது. “என்னம்மா ஆச்சு எனக்கு? முன்னெல்லாம் தெரியுமே,” என்று அழுதாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஆனால் டாக்டரே கூப்பிட்டு அவள் பெயரைச் சிகிச்சைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அன்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

பெயர் சேர்ந்த பிறகும் ஏன் கூட்டிச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். நடுக்கம் திரும்பி வந்தால் பெயரை எடுத்துவிட மாட்டார்களா? ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போனாள். இடுப்பளவு தண்ணீர்தான். நான் சாற்றோடு அங்கே இல்லை.

அடக்கத்தன்று, பூ வேண்டாம், ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று தேவாலய வாசலில் நானே உண்டியலோடு நின்றேன். அப்படி ஒருநாளும் நிறைந்ததில்லை. கவினோ மட்டும் போடவில்லை. அந்த மதியம் எங்களோடு சாப்பிட்டவன் அவன். தராசு காட்டியது ஒன்று, நான் சொன்னது வேறு என்று பார்த்திருக்கிறான். எனக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தானாம். அவன் உங்களிடம் சொன்னது பொய்யில்லை.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். பட்டியலில் மேனாவின் இடம் இப்போது காலியாக இருக்கிறது. என் தங்கை மகள் லிச்சியாவுக்கும் இதே நோய். தங்கை வேலைக்குப் போவதால், மேனா போனதிலிருந்து அவளுக்கு மதியச் சாப்பாடு என் வீட்டில்தான். அவளுக்குக் கை இன்னும் நடுங்குகிறது. முன்போல் இல்லை, கொஞ்சம்தான். நேரமாகிறது, ஐயா. பிள்ளை பசியோடு காத்திருப்பாள். நான் போய் ரொட்டியை நிறுக்க வேண்டும்.