ராதோமிர் காலெவ் இட்ட கடைசி மதிப்பெண்

மேடையில் வீற்றிருக்கும் ஸ்கேலா கால்பந்துக் கழகத் தலைவர் அசேன் பெத்ருனோவ் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, துயரம் தாங்காமல் வந்திருப்போரே, வந்ததைப் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்திருப்போரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ஸ்தானிமிரா தோச்சேவா. இக்கழகத்தின் உடுப்புகளை இருபத்தாறு ஆண்டுகளாகத் துவைத்து வருகிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். புள்ளியியலை நகர நூலகத்தின் நூல்களிலிருந்து எவர் துணையுமின்றி நானே கற்றவள். இதை அடக்கத்தோடு சொல்லும் அவசியம் எனக்கில்லை. துவைப்பறை மேசையின் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவருமாக அமர்ந்து, பத்தொன்பது ஆண்டுகள் இக்கழகத்தின் ஒவ்வோர் ஆட்டக்காரனையும் எடைபோட்டோம். அவர்தாம் நம் கழகத்தின் மதிப்பீட்டாளர், அஞ்சாநெஞ்சர் ராதோமிர் காலெவ்!

எனக்கு முன் பேசிய தலைவர், "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றார். ஈடுசெய்ய முடியாதவரையா, ஐயா, சென்ற இலையுதிர் காலத்தில் அறையைக் காலிசெய்யச் சொல்லிப் பந்துக் கிடங்குக்கு அனுப்பினீர்கள்? ஈடுசெய்ய முடியாதவரின் நாற்காலியிலா வெளிநாட்டு மென்பொருளைக் கொண்டுவந்து அமர்த்தினீர்கள்? அதோ, அவர் படத்தின் முன் தலைவர் வைத்த கார்னேஷன் மலர்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. இறந்தவருக்கு இரட்டைப்படையில் மலர் வைப்பது நம் வழக்கம். பிறந்தநாள் விருந்துக்குப் போகிறவர்போல் ஒற்றைப்படையில் கொண்டுவந்திருக்கிறார். மலரை எண்ண அறியாத இவர்தாம் மனிதரை எண்ண வந்தார்!

அவர் மறைந்தபின் மூன்று ஆட்டங்களில் தோற்றோம், அவர் இல்லாததே காரணம் என்று செயலாளர் உருகினார். அதைக் கேட்டிருந்தால் ராதோமிர் சீறியிருப்பார். "மூணே மூணு ஆட்டத்த வச்சு என்னத்தய்யா சொல்ல முடியும்? நாப்பது ஆட்டம் ஆகட்டும், அப்புறம் வந்து அழுங்க" என்றிருப்பார். இறந்தவரைப் புகழும்போதும் அவர் முறையை மீறலாகாது.

அவர் முறைதான் என்ன? கோல் அடித்தவனை எவரும் எண்ணுவார். அதற்குக் கண் இருந்தால் போதும். ராதோமிர் காலெவ் ஒருவனை மதிப்பிட வேண்டுமானால் அவனைப் பார்க்க மாட்டார். மற்ற பத்துப் பேரைப் பார்ப்பார். அவன் களத்தில் இருக்கும்போது அப்பத்துப் பேர் எவ்வாறு ஆடுகிறார்கள்? அவன் காயத்தால் வெளியே அமர்ந்திருக்கும்போது எவ்வாறு ஆடுகிறார்கள்? அந்த இடைவெளிதான் அவன் மதிப்பு!

நம் ஸ்வெத்லினை எடுத்துக்கொள்ளுங்கள். தற்காப்பு வரிசைக்கு முன்னே நின்று எதிரியின் வழியை அடைப்பவன். முப்பத்து மூன்று வயது. ஆறு ஆண்டுகளில் இரண்டு கோல். அவற்றுள் ஒன்று நம் வலைக்குள். அவனை எந்தச் செய்தித்தாளாவது பாராட்டியதுண்டா? ஆனால் கடைசி இரண்டு பருவங்களில் அவன் ஆடிய ஐம்பத்தெட்டு ஆட்டங்களில் நாம் வாங்கிய கோல்கள் நாற்பத்தொன்று. அவன் ஆடாத பதினாறு ஆட்டங்களில் முப்பது! இக்கணக்கை ராதோமிர் எழுதிக் காட்டியபோது நான் உடனே மறித்தேன்.

"நில்லுங்க. அந்தப் பதினாறுல பதினொண்ணு வெளியூர் ஆட்டம். வெளியூர்ல நாம யார் இருந்தாலும்தான் உதை வாங்குறோம்."

"ஏம்மா, என்னைக் குத்தம் சொல்லாட்டி உனக்குச் சோறு இறங்காதா?"

"சரியா எழுதுங்க, நான் ஏன் சொல்லப்போறேன்?"

முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார். வெளியூர் ஆட்டங்களை வெளியூர் ஆட்டங்களோடு மட்டும் ஒப்பிட்டோம். இடைவெளி பாதியாகக் குறைந்தது, மறையவில்லை. அதன்பிறகே தம் குறிப்பேட்டில் ஸ்வெத்லினுக்கு மதிப்பெண் இட்டார்: ஐந்து புள்ளி எட்டு. மதிப்பெண்ணை ஆட்டக்காரனிடம் சொல்வதில்லை என்பது அவர் நோன்பு. அவரையும் என்னையும் தவிர அக்குறிப்பேட்டைத் திறந்தவர் அதுவரை எவருமில்லை.

அவரை அடக்கம் செய்த பத்தாம் நாள், நிர்வாகக் குழு அதைத் திறந்தது. மென்பொருள் எண் இடாத ஆட்டக்காரர்களுக்கு மட்டும் அதிலிருந்த எண்களை எடுத்து மென்பொருளின் பட்டியலில் ஏற்றியது. அப்பட்டியலில் முன்னணி வீரன் கலோயனுக்கு மென்பொருள் இட்டது ஏழு புள்ளி நான்கு. அதன் கீழே ஸ்வெத்லினுக்கு ஐந்து புள்ளி எட்டு. "பாருங்கள், ராதோமிரே இவனைச் சாதாரணமானவன் என்றுதான் எழுதியிருக்கிறார்" என்று தலைவர் வானொலியில் முழங்கினார். ஸ்வெத்லினை விலக்கும் முடிவும் எடுக்கப்பட்டது. இறந்தவரின் பெயரால் எடுக்கப்பட்டது!

அன்று மாலையே ஸ்வெத்லின் துவைப்பறை வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. "அக்கா, அவரு பெட்டிய இந்தத் தோள்ல தூக்கினேன். என்னைய ஃபெயிலாக்கிட்டுத்தான் அந்த மனுசன் படுத்திருந்தாரா?" என்றான். என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். இன்று இந்த அவையில் அவன் இல்லை.

அன்பர்களே, மென்பொருள் மதிப்பிடுவது பத்துக்கு. ராதோமிர் காலெவ் மதிப்பிட்டது எதற்கு? நாம் எல்லாரும் படித்த பள்ளியின் அளவில்! இரண்டு என்றால் தோல்வி, ஆறு என்றால் உச்சம். ஆறுக்கு ஐந்து புள்ளி எட்டு! பத்தொன்பது ஆண்டுகளில் அவர் எவனுக்கும் இட்டிராத மதிப்பெண்! கலோயனுக்கு அதே குறிப்பேட்டில் அவர் இட்டது நாலரை. தலைவரே, நீங்களும் அதே பள்ளியில்தானே படித்தீர்கள்?

(அவையில் ஒரு குரல்: "படிச்சாரா? ரெண்டு ரெண்டா வாங்கிக் குவிச்சவருய்யா அவரு!")

சிரிக்காதீர்கள். இது இரங்கல் கூட்டம்.

அறியாமல் நேர்ந்த பிழை என்றால் மன்னித்திருப்பேன். ஆனால் சென்ற வியாழக்கிழமை குறிப்பேட்டின் முதல் பக்கத்தை விரித்து, "இரண்டு முதல் ஆறு வரை" என்று அவர் கைப்பட எழுதிய வரியைத் தலைவருக்குக் காட்டினேன். தலைவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஆறுக்கோ பத்துக்கோ, நம்பர் நம்பர்தானே? வானொலியில சொல்லியாச்சு. இனிமே மாத்திப் பேசினா என் மானம் என்னாகும்? நீ போய் சட்டையத் துவைம்மா."

(தலைவர்: "இந்தப் பேச்செல்லாம் இங்க எதுக்கு? மைக்க நிறுத்துங்கய்யா!")

நிறுத்துங்கள். ஆற்றின் அக்கரை வரை கேட்கும் குரல் எனக்கு உண்டு.

உங்கள் மானத்தைக் காக்க இறந்தவரின் சொல்லைத் திரித்தீர்கள். அவரைத் தோளில் சுமந்தவனிடமே அவரைத் துரோகியாக்கினீர்கள். வாழ்ந்தபோது அறையைப் பறித்தீர்கள். மறைந்தபின் தீர்ப்பையும் பறித்தீர்கள். இதற்குமேல் என்ன மிச்சம் வைத்தீர்கள், பெத்ருனோவ்?

ராதோமிர் காலெவ்! எண்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீசியெறிந்த உங்கள் குறிப்பேடு இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த ஆட்டத்திலிருந்து நான் எழுதுவேன். அதே அளவில் எழுதுவேன். தவறினால் மறிக்க நீங்கள் இல்லை. ஆகவே இருமுறை சரிபார்ப்பேன்.

உறுப்பினர்களே, ஸ்வெத்லினின் விலக்கல் தாள் நாளை மறுநாள் கால்பந்துச் சங்கத்துக்குப் போகிறது. நம் கழகத்தின் பதினான்காம் விதி சொல்கிறது: உறுப்பினரில் பாதிப்பேர் கேட்டால், நிர்வாகக் குழுவின் எந்த முடிவும் மறுவாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். அந்தப் பாதிக்கு மேற்பட்டோர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

இப்போது ஒரு நிமிடம் ராதோமிர் காலெவுக்காக மௌனமாய் நில்லுங்கள். அது முடிந்ததும் அமராமல், மறுவாக்கெடுப்புக் கேட்டு, ஸ்வெத்லினுக்காக நில்லுங்கள். இரண்டாவதற்கு நிற்க மனமில்லாதவர் முதலாவதற்கும் நிற்க வேண்டாம்.

எழுந்திருங்கள்.