மணி என் கையில் இருந்தது

ஒரு வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரத்தைத்தான் எங்கள் நற்பணிச் சங்கம் எடுத்துக்கொள்ளும். வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு, கீழ ராஜ வீதி மாடியில், வடையும் காப்பியும் முடிந்த பிறகு கூட்டம் தொடங்கும். உங்களுக்கே தெரியும். போன தை மாதம் நீங்கள் சிறப்பு விருந்தினராக வந்து சாலை விதிகளைப் பற்றிப் பேசினீர்கள். இருபதாவது நிமிடத்தில் நான் மணி அடித்தேன். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தீர்கள். எல்லா மாஜிஸ்திரேட்டும் அப்படி உட்கார மாட்டார்கள் என்று அப்பா சொன்னார்.

நான் மெதுவாகத்தான் பேசுவேன், ஐயா. எழுதிக்கொள்கிறவர் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொண்டால் நல்லது. நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படும் என்று நீங்கள் சொன்னது புரிந்தது. யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என் பெயர் செங்கமலம். வயது இருபத்திரண்டு. இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். அப்பா ரெங்கசாமி மருந்துக்கடை வைத்திருக்கிறார். சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பெண்கள் சங்கத்தில் உறுப்பினராக முடியாது. மணி அடிக்கலாம். என்னிடம் நல்ல கடிகாரம் இருந்தது, வாய் இல்லை. அதனால் தலைவர் ஆவுடையப்பன் பித்தளைக் கைமணியை என்னிடம் கொடுத்தார். உறுப்பினர் பேச ஐந்து நிமிடம், விருந்தினருக்கு இருபது. யாராவது இறந்தால் ஒரு நிமிட மௌனம். அறுபதாவது விநாடியில் நான் மணி அடித்தால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

நல்லதம்பியின் முதல் மனைவி அழகிக்கும் அப்படி மணி அடித்திருக்கிறேன். ஸ்டவ் வெடித்து இறந்ததாகச் சொன்னார்கள். நல்லதம்பிக்கு நாலு பஸ் ஓடியது. சங்கத்தில் முக்கியமானவர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமன் முறை.

அழகி சாவதற்கு முந்தைய வருடத்தில் எங்கள் கடைக்கு மூன்று முறை வந்தாள். டிங்சர் வாங்குவாள். பெண் என்பதால் அப்பா என்னைத்தான் மருந்து போடச் சொல்வார். கதவில் இடித்துக்கொண்டதாக அழகி சொன்னாள். கதவில் இடித்தால் காயம் நேர்கோடாக விழும். அவள் விலாவில் நான்கு வட்டங்கள் சம இடைவெளியில் இருந்தன. என் கையை மடக்கி வைத்துப் பார்த்தேன். என் முட்டிகளைவிடக் கொஞ்சம் அகலமான கை. மூன்றாம் முறை வந்தபோது இரண்டு பல் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "அது அவுக வீட்டு விசயம்மா" என்றார். களிம்புக்குக் காசு வாங்கவில்லை. அவர் இரக்கமுள்ளவர்.

எனக்குச் சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருந்தது. ஜூலை முதல் வாரத்தில் சேர வேண்டும். சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை சேதி வந்தது. அன்றைய கூட்டத்தில் அப்பா அதைச் சொல்வார் என்று நினைத்தேன்.

கூட்டத்தின் கடைசியில் நல்ல செய்தி நேரம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டு விசேஷத்தைச் சொல்வார்கள். பேரன் பிறந்தது, மாடு கன்று போட்டது, எதுவாக இருந்தாலும் எல்லாரும் கைதட்டுவார்கள். கைதட்டிய செய்தியை யாரும் மாற்றிச் சொன்னதில்லை. அது அங்கே ஒரு கௌரவம்.

அன்று ஆவுடையப்பன் எழுந்தார். அரிசி ஆலை முதலாளி. சிரிக்கும்போது வயிறு முழுக்கக் குலுங்கும். "நம்ம செயலாளர் சொல்லக் கூச்சப்படுறாரு, நானே சொல்லிப்புடுறேன். நம்ம நல்லதம்பி வீட்டுல மறுபடி வெளக்கெரியப் போகுது. பொண்ணு வேற யாருமில்ல, நம்மள எல்லாம் மணியடிச்சு ஒக்கார வைக்குதே, அந்தப் பாப்பாதான். இனிமே நல்லதம்பி வீட்டுல அஞ்சு நிமிசத்துக்கு மேல பேச முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். நான் மணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆவுடையப்பன் என்னைப் பார்த்து, "என்னம்மா, சந்தோசந்தானே?" என்று கேட்டார். நான் பேசவில்லை. "பாத்தீங்களா, வெக்கம்" என்றார்.

கல்யாணம் ஆனி மாதம் என்று முடிவானது. படிப்பைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். "மாப்பிள்ள சம்மதிச்சா அப்புறமாப் படிக்கலாம்மா" என்றார்.

இனிக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னவாசலுக்குத் தெற்கே ஒரு சின்னக் குடியிருப்பில் குடிதண்ணீர் இல்லை. சங்கம் அங்கே கிணறு வெட்டியது. எட்டடிக்குக் கீழே முழுக்கப் பாறை. வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். வாரம் முழுக்கக் கூலியாட்கள் வேலை செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தார் நல்லதம்பியின் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆளுக்கு இரண்டு கூடை கல் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நண்பகலில் வெடி. அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

வெடி வைப்பவர் முனியசாமி. முப்பது வருடம் வெடிச் சத்தம் கேட்டுக் காது போய்விட்டது. மனிதக் குரல் அவருக்குக் கேட்காது. கைமணியின் கூர்மையான ஒலி மட்டும் கேட்கும். அதனால் சங்கத்து மணியைக் கிணற்றுக்கும் கொண்டுபோனோம். அவர் கிணற்றுக்குள் வெடிமருந்துக் குழிகளுக்குக் கம்பி இணைத்துவிட்டு ஏறி வருவார். தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால், கம்பியின் மறுமுனையில் இருக்கும் வெடிப் பெட்டியோடு உட்காருவார். அங்கிருந்து கிணறு தெரியாது. நான் கற்குவியல் மேல் நின்று, எல்லாரும் பஸ் பக்கம் போய்விட்டார்களா என்று எண்ணி மணி அடிக்க வேண்டும். மணி கேட்டதும் அவர் பத்து எண்ணிவிட்டுக் கைப்பிடியை அழுத்துவார். அந்தப் பத்துக்குள் நான் குவியலுக்குப் பின்னால் குனிந்துவிட வேண்டும்.

இரண்டாவது வாரம் உள்ளங்கை அளவு கல் ஒன்று பறந்துபோய் தூரத்தில் மேய்ந்த ஆட்டின் விலாவை உடைத்து உள்ளே நுழைந்தது. ஆடு உடனே சாகவில்லை. முன்னங்கால்களை மட்டும் ஊன்றிக் கொஞ்ச தூரம் நடந்தது. உறுப்பினர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பார்த்தேன். கல்லின் வேகம் எவ்வளவு இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அன்று வேறு எதையும் நினைக்கவில்லை.

கல் சுமக்கிறவர்களில் செவந்தி என்று ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். என்னைச் சும்மா விடமாட்டாள். "ஏத்தா காலேசு, இந்த வெள்ளச் சட்டக்காரவுக ரெண்டு கூடை தூக்குறதுக்கு நாலு போட்டா எடுக்குறாக. நான் தெனம் இருநூறு கூடை தூக்குறேன். எனக்கு எத்தன போட்டா எடுக்கணும்? கணக்குப் போட்டுச் சொல்லு." நானூறு என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். "பேசிருச்சுடி, இந்தப் புள்ள பேசிருச்சு" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

கல்யாணச் செய்தி அவள் காதுக்கும் போனது. மறுவாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சும்மாட்டை உதறிக்கொண்டே கேட்டாள். "ஒனக்கு அந்த ஆளக் கட்டிக்கப் பிரியமா?"

எனக்கு நினைவு தெரிந்து என்னிடம் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்பச் சொல்ல வேண்டியதுதானே? வாயி வல்லைன்னா அந்த மணியாச்சும் அடிச்சிருக்கலாமுல்ல. கைதட்டுறப்ப கணகணன்னு அடிச்சிருந்தா அம்புட்டுப் பேரும் கப்புன்னு அடங்கியிருப்பாக."

அவள் சொன்னது சரி. எனக்கு அது தோன்றவில்லை.

போன மாதம், வைகாசியின் மூன்றாம் ஞாயிறு. பதினேழு உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். படம் எடுத்து முடிந்தது. முனியசாமி கம்பி இணைத்துவிட்டு ஏறி வந்து தன் பாறைக்குப் போனார். கூலியாட்கள் கஞ்சி குடிக்க மரத்தடிக்குப் போனார்கள். உறுப்பினர்கள் என்னைத் தாண்டிப் பஸ் பக்கம் நடந்தார்கள். பதினாறு பேர். நல்லதம்பி மட்டும் கிணற்றருகே நின்றார். படத்துக்காகக் கல் தூக்கியபோது கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கீழே ஒரு பொந்தில் வைத்தாராம். என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏய், வாட்சு கீழ கெடக்கு. எடுத்தாந்துர்றேன். மணியக் கிணிய அடிச்சுத் தொலைச்சிறாத. கேக்குதா?"

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன முழிக்கிற? செத்தவளும் இப்படித்தான் முழிப்பா. எல்லாம் சொல்லிக் குடுக்குற விதத்துல சொல்லிக் குடுத்தாச் சரியாப் போயிரும்."

சரி என்று தலையாட்டினேன். அவர் ஏணியில் இறங்கினார். கிணறு நாற்பதடி ஆழம். அடி வரை போக அவருக்கு நேரம் ஆனது. கனத்த ஆள். நான் அவசரப்படவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன். மேற்கிலிருந்து அடித்தது. பஸ் மேற்கே நின்றது. கிணற்றுச் சத்தம் அங்கே போகாது.

மணி அடித்தேன். வழக்கம்போல மூன்று முறை.

குவியலுக்குப் பின்னால் குனிந்துகொண்டு நானும் எண்ணினேன். மூன்று வரை ஒன்றும் கேட்கவில்லை. நான்கில் ஒரு கெட்ட வார்த்தை. ஆறில் என் பெயர். எட்டில் "ஆத்தா" என்ற அலறல். ஆழக் கிணற்றில் ஒரு குரல் சுவரில் மோதி இரண்டு குரலாகக் கேட்கும். அது எதிரொலி. பத்தில் தரை என் முழங்காலைத் தூக்கிப் போட்டது.

கல் மழை நின்ற பிறகு எழுந்து பார்த்தேன். ஏணியின் மேல் பாதி கருவேல மரத்தில் தொங்கியது. குவியலின் வடபுறத்தில் அவருடைய இடது கால் கிடந்தது, முழங்காலுக்குக் கீழே, செருப்போடு. செருப்பு வார் அறுபடவில்லை. நான் நின்ற இடம்வரை சதை சிதறியிருந்தது. ஆவுடையப்பன் ஓடி வந்து கிணற்றுக்குள் பார்த்துவிட்டுத் தன் வெள்ளைச் சட்டை மேலேயே வாந்தி எடுத்தார். முனியசாமி வந்து நின்று, ஒன்றும் புரியாமல் எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மணி கேட்டது, அழுத்தினார். இதைத் தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிடைத்ததை எல்லாம் மூன்று வேட்டிகளில் கட்டினார்கள். அவசரத்தில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வியாழக்கிழமை கூட்டம் நடந்தது. ஒரு நிமிட மௌனம். அறுபதாவது விநாடியில் மணி அடித்தேன். ஒரு விநாடிகூடப் பிந்தவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஆவுடையப்பன் எழுந்தார். "பாவம், பயந்த புள்ள. பதினேழ எண்ணுறதுல ஒண்ணு விட்டுப் போச்சு. நம்ம வீட்டுப் பொம்பளப் புள்ள கை தவறுன மாதிரி நெனச்சுக்குவோம். இனிமே இதப் பத்தி யாரும் வாயத் தொறக்கப்படாது." அதைத் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அப்பா அழுதார். கூட்டம் முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் என்னை மன்னித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை, ஐயா. நான் இயற்பியலில் முதல் வகுப்பு. எனக்குப் பதினேழு வரை எண்ணத் தெரியும். பதினாறு பேர் மேலே, ஒருவர் கீழே. அந்தக் கணக்கில் பிழை இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அழகியின் விலாவைப் பார்த்திருந்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். கெட்டது ஒன்றைக் கழித்தேன். வேறு யாருக்கும் என்னால் தீங்கு இல்லை.

செவந்தியைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. உறுப்பினர்களை எண்ணத்தான் என்னை நிறுத்தினார்கள். கூலியாட்கள் என் கணக்கில் இல்லை. அவர்களை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். மௌனமும் நல்லதம்பி ஒருவருக்குத்தான் இருந்தோம். பத்திரிகையில்கூட அவர் பெயருக்குப் பிறகு 'ஒரு கூலிப் பெண்ணும்' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

நீங்கள் கேட்பது அது இல்லை. எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள்.

தெரியும். வாட்சை எடுத்து வர நல்லதம்பி முதலில் அவளைத்தான் இறக்கினார். அவள் தேடிக்கொண்டே இருந்ததால் கத்திவிட்டு அவரும் இறங்கினார். நான் மணியை எடுத்தபோது வாட்சு கிடைத்து அவள் ஏணியில் பாதி ஏறிவிட்டிருந்தாள், அவர் இன்னும் அடியில் நின்றார். அண்ணாந்து என்னைப் பார்த்து, வாட்சைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். எட்டில் கேட்டது எதிரொலி இல்லை, அவள் குரல். பத்துக்குள் அவளுடைய இரண்டு கையும் கிணற்று விளிம்புக்கு வந்துவிட்டதைக் கல் இடுக்கில் பார்த்தேன்.

அவள் ஏறி முடிக்கும்வரை நான் பொறுத்திருக்கலாம். பின்னாலேயே அவரும் ஏறி வந்திருப்பார்.